தூக்காத விரல்

அந்த சீசனில் நான் எடுத்த ரன்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. பூஜ்யம், நாலு, ஒன்று, பூஜ்யம், ஒன்பது, இரண்டு. முதல் ஆறு சனிக்கிழமைகள். ஓப்பனிங் இறங்குகிறவன் இப்படி ஆடினால் அதை 'ஃபார்ம் இல்லை' என்று சொல்வதே பெரிய மரியாதை. எனக்கு ஐம்பத்தொரு வயது. ஆக்லாந்தில் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கிரிக்கெட் அணியில் பதினோரு வருடமாக முதல் பந்தைச் சந்திப்பது நான்தான். கடைசி டிவிஷன். எங்களுக்குக் கீழே வேறு டிவிஷன் கிடையாது, வேடிக்கை பார்க்கிறவர்கள்தான்.

முதலில் கண்ணாடியைக் குறை சொன்னேன். அது நியாயமான புகார்தான். மேல்பாதியில் தூரப் பார்வை, கீழ்ப்பாதியில் கிட்டப் பார்வை என்று ஒரே கண்ணாடியில் இரண்டையும் வைத்துத் தந்திருந்தார்கள். பந்து தூரத்திலிருந்துதானே கிட்டே வருகிறது? நடுவில் ஓரிடத்தில் அது காணாமல் போகும். மறுபடி தெரிவதற்குள் என் பின்னால் ஸ்டம்ப் விழுந்திருக்கும். கண்ணாடிக் கடையில் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விளையாட்டுக்கென்று தனிக் கண்ணாடி போட்டுத் தந்தாள். அதை மாட்டிக்கொண்டு போன சனிக்கிழமைதான் அந்த இரண்டாவது பூஜ்யம். பந்து தெளிவாகத் தெரிந்தது. அது ஸ்டம்பில் போய் அடிப்பதும் தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம் மட்டையைக் குறை சொன்னேன். அப்புறம் ஆடுகளத்தை. கடைசி டிவிஷனுக்குப் புல் ஆடுகளமெல்லாம் தரமாட்டார்கள். சிமெண்டுத் தளத்தின் மேல் பச்சைக் கம்பளம் ஒட்டியிருக்கும். மழை பெய்தால் வழுக்கும், வெயிலடித்தால் எகிறும். ஒனிஹங்காப் பக்கம் நாங்கள் ஆடும் மைதானத்தில் கடல் காற்று வேறு. ஒருநாள் அந்தக் காற்றையும் திட்டினேன்.

"பந்து ஒண்ணுதாங்க பாக்கி," என்றாள் மனைவி. "அதையும் திட்டிட்டீங்கன்னா இந்த வருஷக் கணக்கு முடிஞ்சிரும்."

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க நோயாளிகளிடம் இதமாகப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் அந்தச் சரக்கு மிச்சமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டு மாடிப்படியை நான் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவேன். கீழே சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். பெனடால் மாத்திரைப் பட்டையை மேஜையில் வைத்துவிட்டு, "ரெண்டுக்கு மேல போடாதீங்க," என்று மட்டும் சொல்வாள். போதுங்க, விட்டுருங்க என்று அவள் சொல்லாத வருஷம் இல்லை. நாற்பத்தைந்தில் சொன்னாள், தோள்பட்டை நழுவியபோது சொன்னாள், போன குளிர்காலத்தில் முழங்காலுக்கு ஊசி போட்டபோது சொன்னாள். பெண்டாட்டி சொல்வது கணக்கில் வருமா? அவளுக்கு கிரிக்கெட்டே பிடிக்காது என்று ஒதுக்கிவிட்டேன்.

எனக்கு வேண்டியது அவள் சொல்வது அல்ல. அணியில் யாராவது ஒருத்தன் என்னைக் கூப்பிட்டு "போதும்" என்று சொல்லும் நாள் வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் என் பயம். அதற்கு முன்னால் நானாக விலகிவிட வேண்டும், ஆனால் அதற்கு ஒருநாள் முன்னால்கூட விலகக் கூடாது. இதைத்தான் அந்த சீசன் முழுக்க மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், உள்ளே இதுதான் ஓடும். இந்த வாரமா, அடுத்த வாரமா, இந்த சீசன் முடியட்டுமா, ஒரே ஒரு நல்ல ஸ்கோர் எடுத்துவிட்டு கெத்தாகப் போய்விடலாமா. அந்த ஒரு நல்ல ஸ்கோர்தான் வரமாட்டேன் என்றது.

விலகிவிட்டால் சனிக்கிழமைக்கு என்ன செய்வேன் என்பதும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். திங்கள் முதல் வெள்ளிவரை நான் யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத ஒரு ஐடி ஆள். மீட்டிங்கில் என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். சனிக்கிழமை அப்படி இல்லை. கார் டிக்கியைத் திறந்து கிட் பேக்கை இறக்கும்போதே நாலு பக்கமிருந்தும் குரல் வரும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் அண்ணா, மலேசியாக்காரர்களுக்கு அண்ணே, யாழ்ப்பாணத்தாருக்கு அண்ணை. அந்த மூன்று சொல்லையும் கேட்டுக்கொண்டு பேடு கட்டுவதில் ஒரு சுகம் இருந்தது. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

எங்கள் கேப்டன் யாழ்ப்பாணத்துக்காரன், முப்பத்தாறு வயது, சத்தம் போடத் தெரியாதவன். ஒவ்வொரு செவ்வாயும் வாட்சப்பில் யார் யார் வருகிறீர்கள் என்று கேட்பான். பதிமூன்று பேர், பதினாலு பேர் கை தூக்குவார்கள். பதினோரு இடம்தான். அதனால் முறை வைத்து ஆளை மாற்றுவான். இந்த வாரம் உட்கார்ந்தவனுக்கு அடுத்த வாரம் இடம். எனக்கு மட்டும் அந்த முறை கிடையாது. அது ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற விஷயமாகவே தோன்றவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் நடந்தது புரியாது. கடைசி டிவிஷனுக்கு அம்பயர் அனுப்ப மாட்டார்கள். எந்த அணி பேட்டிங் செய்கிறதோ அந்த அணியின் ஆட்களே இரண்டு பேர் போய் அம்பயராக நிற்க வேண்டும். அதாவது, உங்கள் காலில் பந்து பட்டு எதிரணி எல்பி கேட்டுக் கத்தினால், விரலைத் தூக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது உங்கள் கூட்டாளி. அரை மணி முன்னால் உங்களோடு புளியோதரை சாப்பிட்டவன். ஒழுங்காகக் கொடுக்கிறவர்களும் உண்டு, கண்ணை மூடிக்கொள்கிறவர்களும் உண்டு. எங்கள் அணி ஒழுங்கான அணி என்று நான் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வேன்.

அந்த இரண்டு ரன்னுக்கு அப்புறம், சாப்பாட்டு இடைவேளையில், டிவியில் வரும் ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தது. வயதாகிவிட்டது, ரன் வரவில்லை, ஆனாலும் அணியில் இருக்கிறார். எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான்தான் எல்லோரையும்விட சத்தமாகச் சொன்னேன். "இவ்ளோ சம்பாதிச்சாச்சு, பேரு எடுத்தாச்சு, இன்னும் என்னய்யா வேணும்? வெட்கமா இல்ல? எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கூடவா இல்ல?" என்றேன்.

ஒருத்தனும் சிரிக்கவில்லை. கேப்டன் கையிலிருந்த மீன் ரோல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அமைதி எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆட்டம் முடிந்து கார்களுக்கு நடக்கும்போது அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"உண்மையச் சொல்லு. நான் இறங்கி ஆடவா? ஏழு, எட்டுல? இல்ல ரெண்டு வாரம் உட்காரவா?"

"விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை," என்றான் அவன் சட்டென்று. "நீங்கள் இருக்கிற வரைக்கும் நீங்கள்தான் ஓப்பனிங்."

அப்பாடா என்றிருந்தது. என் மேல் அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே கார் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "அவரு நல்ல மனுஷன்," என்றாள். அவள் சொன்னதில் வேறு அர்த்தம் இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை முப்பத்திநாலு அடித்தேன்.

ஆமாம், முப்பத்திநாலு. ஏழாவது ஆட்டத்தில். எதிரணி வேகப்பந்து வீச்சாளர் ஒரு வெள்ளைக்காரர், என் வயசுதான் இருக்கும், தொப்பையும் தாடியுமாக. மூன்று ரன்னில் இருந்தபோது அவர் பந்து ஒன்று என் முன்னங்காலில் பட்டது. அவர் இரண்டு கையையும் விரித்துக் கத்தினார். அம்பயராக நின்றிருந்தவன் எங்கள் விக்கெட் கீப்பர், தலையை ஆட்டிவிட்டான். பதினொன்றில் மறுபடி பட்டது. மறுபடி தலையாட்டல். தாடிக்காரர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். லெக் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்துக்கு இவ்வளவு கத்தலா என்று நானும் பதிலுக்குச் சிரித்தேன். அப்புறம் பந்து நடு மட்டையில் பட ஆரம்பித்தது. கால் நகர்ந்தது. கவர் பக்கம் ஒன்று அடித்தேன் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே பதினோரு வருடம் ஆடலாம். கடைசியில் கேட்ச் கொடுத்து வெளியே வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இன்னும் ரெண்டு வருஷம், என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு மலேசியத் தம்பி ஒருவன் அணியில் இடமில்லாமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பி என்றால் சின்னப் பிள்ளை இல்லை. நாற்பதை நெருங்கும் இன்ஜினியர், இரண்டு குழந்தைகளின் அப்பா, அந்த சீசனில்தான் எங்களோடு சேர்ந்தவன், மலேசிய வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவான். அவன் கார் மெக்கானிக்கிடம் இருந்தது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். எனக்கு அது வழியில்லை, அவன் வீடு பிளாக்ஹவுஸ் பே, நேர் எதிர்த் திசை. ஆனால் முப்பத்திநாலு அடித்தவனுக்கு யாரிடமாவது பேசிக்கொண்டே போக வேண்டும் போலிருந்தது.

ஒவ்வொரு பவுண்டரியாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவனும் நல்ல பிள்ளையாக, சூப்பர் அண்ணே, செம அண்ணே என்று கேட்டுக்கொண்டு வந்தான். நான் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டேன்.

"அந்தத் தாடிக்காரன் எப்படிக் கத்தினான் பாத்தியா? எல்பியாம். நம்ம ஆளு அசரல பாரு. அதான் நம்ம டீம்."

"அது எப்பிடி அண்ணே கொடுப்பாரு?" என்று சிரித்தான் அவன். "உங்களுக்கு எல்பி கிடையாதுன்னுதான் ரூல்ஸே இருக்கே. நான் சேந்த மொத நாளே சொல்லிட்டாங்க லா."

நான் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். இந்த ஊரில் அவ்வளவு சீக்கிரம் யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள்.

"யாரு சொன்னா?"

அவன் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணே. சீனியருக்கு ஒரு மரியாதை மாதிரின்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க லா." வீட்டு வாசலில் இறங்கும்போது மூன்று தடவை நன்றி சொன்னான். ஒரு தடவை போதும் என்று எரிந்து விழப் பார்த்தேன், அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இரண்டு பந்தையும் மறுபடி ஆடிப் பார்த்தேன். கண்ணாடியைக் குறை சொல்ல வழியில்லை, தெளிவாகத் தெரிந்த பந்துகள். முதல் பந்து நேராக வந்தது. இரண்டாவது இன்னும் நேர். லெக் ஸ்டம்புக்கு வெளியே என்பதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. ஒழுங்காகக் கொடுத்திருந்தால் நான் மூன்று ரன். தாடிக்காரர் சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது, காருக்குள் தனியாக இருந்தும் முகம் சுட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தித் தீர்த்தேன். துரோகம், நடிப்பு, முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறார்கள், என்னைக் கோமாளி ஆக்கிவிட்டார்கள், இன்றைக்கே கேப்டனைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று போனைக் கையில் எடுத்தேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்குக் கோபம் அவங்க மேலயா, அந்த முப்பத்திநாலு போச்சேன்னா?"

"ஒருத்தனாவது என்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"நான் ஆறு வருஷமா சொல்றேன். என்கிட்ட எத்தனை நாள் பேசாம இருந்தீங்க, ஞாபகம் இருக்கா?"

போனைக் கீழே வைத்துவிட்டேன். அவளிடம் பதில் பேசவில்லை. பேசாமல் இருக்கிறோம் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த வாரம் முழுக்க அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. செவ்வாய்க்கிழமை கேப்டன் கேட்டான், நான் வழக்கம்போல முதல் ஆளாகக் கை தூக்கினேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. நேரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. மலேசியத் தம்பி பொய் சொன்னான், தப்பாகப் புரிந்துகொண்டான், அப்படி ஏதாவது இருக்கட்டுமே என்று ஓர் ஆசையும் இருந்தது.

சனிக்கிழமை காலை மேகமூட்டம், தரை ஈரம். டாஸில் ஜெயித்து நாங்கள் பேட்டிங். கேப்டன் ஆறாவதாக இறங்குகிறவன், அதனால் முதலில் அவனே அம்பயராகப் போய் நின்றான். கையில் ஆறு கூழாங்கல், பந்துக்கு ஒன்றாக ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாற்றுவான். நான் எதிர்முனையில் ஸ்டம்புக்கு முன்னால் மட்டையால் கோடு போட்டுக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது பந்து. சுழலவும் இல்லை, எகிறவும் இல்லை, நேரே வந்தது. மட்டையைக் கொண்டுபோ என்று மூளை சொன்னது, கை அப்புறம்தான் கிளம்பியது. பந்து பின்னங்காலில், நடு ஸ்டம்புக்கு நேராக, முழங்காலுக்குக் கீழே பட்டது. பதினோரு பேரும் கத்தினார்கள். பக்கத்து மைதானத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த பெண்மணிகூட அது அவுட் என்று சொல்லியிருப்பார்.

நான் கேப்டனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்கையிலிருந்த கூழாங்கல்லை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

"நொட் அவுட்," என்றான் மெதுவாக.

நான் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். மட்டையில் உரசிக் கேட்ச் போனால் தானாக நடந்து போகிறவர்கள் உண்டு. எல்பிக்கு நடந்து போகிறவனை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எதிரணிக்காரர்களுக்கே குழப்பம். ஸ்லிப்பில் நின்றவன் ஆங்கிலத்தில், "நில்லுங்கள், உங்கள் ஆள் அவுட் இல்லை என்றுதான் சொன்னார்," என்றான். எனக்குத் தெரியும் என்றேன்.

"அண்ணை! அண்ணை, நில்லுங்கோ!" என்று கேப்டன் பின்னாலிருந்து கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. அந்த நூறு அடி நடக்க நெடுநேரம் ஆன மாதிரி இருந்தது. எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் எழுந்து நின்றார்கள், யாரும் கைதட்டவில்லை.

கார் டிக்கியில் உட்கார்ந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்தான். வேறொருவனை அம்பயராக நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறான்.

"என்ன அண்ணை இப்பிடிச் செய்து போட்டியள்?"

"எப்போலேர்ந்து?" என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நடிக்கவில்லை, அதற்கு நன்றி.

"மூண்டு சீசனா அண்ணை."

மூன்று! நான் இந்த வருடம் மட்டும் என்று நினைத்திருந்தேன். போன வருடத்து அரைசதம், அதற்கு முந்தின வருடம் இறுதி ஆட்டத்தில் எடுத்த நாற்பது, எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது. எதில் எத்தனை தடவை காலில் பட்டது என்று யாருக்குத் தெரியும்? கோபம் மண்டைக்கு ஏறியது.

"மரியாதையாடா இது? பதினோரு வருஷம் கூட ஆடினவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உங்க யாருக்கும் தைரியம் இல்லையா?"

நான் கழற்றிப் போட்ட பேடை அவன் எடுத்து டிக்கிக்குள் வைத்தான். பிறகு, சத்தத்தைக் கூட்டாமல்தான் சொன்னான்.

"மரியாதை இல்லை அண்ணை. பயம். மூண்டு வருஷத்துக்கு முன்னம் ஒருத்தன் உங்களுக்கு எல்பி குடுத்தவன். உங்கட ஊர்ப் பக்கத்துக்காரன்தான், அப்பத்தான் நாட்டுக்குப் புதுசா வந்தவன். எல்லாருக்கும் முன்னால நீங்கள் அவனைக் கபோதி எண்டு பேசினியள். மட்டையை எறிஞ்சனியள். பிறகு சீசன் முடியுமட்டும் அவனோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அவன் வந்து வணக்கம் சொல்லுவான், நீங்கள் காருக்குள்ள ஏறிக் கதவைச் சாத்துவியள். அடுத்த சீசன் அவன் வரேல்லை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் உங்களுக்கு அம்பயர் நிக்க விரும்பேல்லை அண்ணை. நான்தான் பெடியளிட்டைச் சொன்னனான், அண்ணைக்கு விரலைத் தூக்காதேங்கோ, விட்டிடுங்கோ எண்டு."

அந்தப் பையன் ஹாமில்டன் நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றுதான் எனக்கு ஞாபகம். கபோதி என்று சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் அதை நான் ஒரு வேடிக்கைக் கதையாக வைத்திருந்தேன். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பேசாமல் இருந்தது ஞாபகமே இல்லை. நான் யாரிடமும் பேசாமல் இருந்தால் எனக்கு அது தெரிவதில்லை போலிருக்கிறது. வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை அதற்கு, வெட்கம்தான்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல," என்றேன்.

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு தடவையாவது, வாய்வார்த்தைக்காவது, வேண்டாம் அண்ணை என்பான் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவுக்கு அப்புறமும் எதிர்பார்த்தேன், அதுதான் என் லட்சணம்.

"சரி அண்ணை," என்றான். உடனே சொன்னான். தோள் இரண்டும் கீழே இறங்கின. மூச்சை விட்டான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான், அவன் கண் கலங்கியிருந்தது. அந்தப் பக்கம் விக்கெட் விழுந்த கூச்சல் கேட்டது. அவன் பேடு கட்ட ஓட வேண்டியிருந்தது.

எல்லோரும் ஆட்டத்தில் இருந்தார்கள். நான் டிக்கியிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்பி கொடுத்த அந்தப் பையனின் எண் போனில் இருந்தது, நான் அழிக்கவில்லை, அவன் மாற்றியிருக்கவும் இல்லை. மூன்று தடவை மணி அடித்ததும் எடுத்தான்.

"அண்ணா?" குரலில் திடுக்கென்று ஒரு பயம். "என்னண்ணா, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாரும் நல்லா இருக்காங்க." டிக்கியிலிருந்து இறங்கி நின்றேன். "நீ ஒரு தடவை எனக்கு எல்பி குடுத்தியே. அது அவுட்டுதான். அன்னைக்கு நான் உன்னைப் பேசினது தப்பு."

அந்தப் பக்கம் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் குறைத்தான்.

"அவுட்டுன்னு எனக்குத் தெரியும்ணா," என்றான்.

"நான் இன்னையோட விட்டுட்டேன். இனிமே ஆடல. நீ அங்க எந்த டீம்ல ஆடுற?"

"நான் ஆடறதில்லண்ணா. அதுக்கப்புறம் எந்த டீம்லயும் சேரல." சொன்ன வேகத்தில், எனக்குக் கஷ்டமாகிவிடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, "இங்க வேலை கொஞ்சம் ஜாஸ்தி, அதான்," என்று அவனாகவே சேர்த்துக்கொண்டான்.

நான் இந்த அணிக்கு ஓப்பனிங் இறங்க ஆரம்பித்ததே நாற்பது வயதில். உனக்கு இப்போ என்ன வயசுப்பா என்று கேட்டேன். முப்பத்திரண்டு என்றான்.